ஒழுகாத ஜாயிண்டு

எங்கள் லயத்து ஆட்கள் லேசில் எதையும் நம்ப மாட்டார்கள். கொழுந்து நிறுக்கும் தராசை நம்ப மாட்டார்கள். கம்பவுண்டர் ஊற்றிக் கொடுக்கும் சிவப்பு மருந்தை நம்ப மாட்டார்கள். வெயில் பளீரென்று அடித்தாலும் அதை நம்பாமல் மழைக்குச் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டுதான் மலையேறுவார்கள். அப்படிப்பட்டவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய பொருள் ஒன்று உண்டு. விரல் நீளக் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு. அது ஒழுகவில்லை, அதனால் நல்லது என்று முடிவு செய்துவிட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் கேரளத்து ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். ஒரே சரிவில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். எங்களுடையது கீழ் லயத்துக் கடைசி வீடு. அப்பா காலமான பிறகு வீட்டில் நாங்கள் நான்கு பேர்: அம்மா, அண்ணன், அண்ணனின் மனைவியான என் மதினி, அப்போது கல்யாணம் ஆகாதிருந்த நான். நானும் மதினியும் கொழுந்து பறித்தோம். அண்ணனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. தோட்டத்தார் இரண்டு லயங்களுக்கும் சேர்த்துப் போட்டுக் கொடுத்திருந்த ஒரே இரும்புக் குழாய் எங்கள் வீட்டுக்கும் கீழே, பள்ளத்தில் இருந்தது. அங்கே குடத்தை நிறைத்துக்கொண்டு ஏறி வருவதற்குள் நெஞ்சு வாய்க்கு வந்துவிடும். மழைக்காலத்தில் அந்தப் பாதை எண்ணெய் தடவி வைத்தது போலக் கிடக்கும். மேனேஜர் பங்களாவில் குழாயைத் திருகினால் வெந்நீரே வரும் என்று அங்கே வேலை பார்த்தவள் சொல்வாள். நாங்கள் கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்குவோம்.

மதினிக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. இரண்டாவது தடவை அவள் நிறைகுடத்தோடு வழுக்கி விழுந்ததை நானே பார்த்தேன். குடம் உருண்டு போவதைப் பார்த்து முதலில் சிரித்தேன், பிறகுதான் அவள் எழுந்திருக்கவில்லை என்பது தெரிந்தது. அம்மாவோ பாதையைக் குறை சொல்லவில்லை, குடத்தைக் குறை சொல்லவில்லை. “அவ ராசி அப்படி” என்றாள். அதையும் மதினியின் காதில் விழும்படி சொன்னாள். எனக்கு அம்மா மேல் அன்றைக்கு வந்த கோபம் அவள் போய்ச் சேர்ந்து இத்தனை காலம் ஆகியும் முழுதாக இறங்கவில்லை.

மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போனபோது டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் அண்ணனைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். பாரம் தூக்கக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது, இந்தப் பிள்ளையும் தங்காவிட்டால் தாய் உடம்பு தாங்காது என்று. மதினி வேலைக்குப் போவதை நிறுத்தினாள். ஆனால் தண்ணீரை யார் கொண்டு வருவது? நான் விடிந்ததும் மலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. ஆண்பிள்ளை குடம் தூக்குவது எங்கள் லயத்தில் வழக்கமில்லை. அண்ணனுக்கே அது தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது வேறு.

மேல் லயத்துக்கும் மேலே, பாறை இடுக்கில் ஓர் ஊற்று இருந்தது. கோடையிலும் வற்றாது. அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமுளிக்குப் போய்க் கறுப்புப் பிளாஸ்டிக் ஓஸ் இரண்டு சுருளைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். அதை எங்கள் பக்கம் அப்போதுதான் கண்ணால் பார்க்கிறோம். இரும்புக் குழாய் என்றால் மரை போட வேண்டும், சணல் சுற்ற வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். இதற்கு ஒன்றும் வேண்டாம். ஒரு சுருள் முடிகிற இடத்தில் அந்த விரல் நீள ஜாயிண்டை இரண்டு பக்கமும் செருகினால் போதும். ஓஸின் நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் முக்கினால் அது இளகிவிடும். இளகின சூட்டோடு உள்ளே தள்ளினால், ஆறினதும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆயுசுக்கும் கழலாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாராம்.

அண்ணன் குழாய் போட்ட அன்று எங்கள் வீட்டில் கல்யாணக் களை. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டே இருந்தது. நான் தூக்கு வாளியில் அதை ஊற்றிக்கொண்டு மேலே ஓடுவேன், பாதி வழியிலேயே ஆறிவிட்டது என்று அண்ணன் திருப்பி அனுப்புவான். கடைசியில் அங்கேயே மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டினோம். லயத்து ஆண்கள் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்தபடி அவனை “இஞ்சினீயரு” என்று கேலி செய்தார்கள். அம்மா தன் பங்குக்கு, “மகாராணிக்கு வாசல்ல கங்க வருது, பாத்துக்கிடுங்க” என்றாள். மதினி, தண்ணீர் பிடிக்க வாசலில் வைத்திருந்த டிரம்முக்குப் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாய் முதலில் காற்றாகச் சீறியது, பிறகு செம்மண்ணாகத் துப்பியது, பிறகு தெளிந்த தண்ணீராக விழுந்தது. அவள் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள்.

“ஐஸ் மாதிரி இருக்கு புள்ள. குடிச்சுப் பாரு” என்றாள் என்னிடம்.

நானும் குடித்தேன். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

ஆயுசுக்கும் கழலாத ஜாயிண்டு அடுத்த வாரமே கழன்றது. மேல் லயத்துக்கும் எங்களுக்கும் நடுவில் மரமே இல்லாத தேயிலைச் சரிவு. உச்சி வெயிலில் கறுப்பு ஓஸைத் தொட்டால் கை பொள்ளும். வெந்நீருக்கு இளகுகிறது வெயிலுக்கும் இளகியது. டிரம் நிறைந்ததும் நாங்கள் குழாய் வாயில் மரக்கட்டையைச் செருகி அடைத்து வைப்போம். உள்ளே தண்ணீர் நெருக்க, மேலே ஜாயிண்டு நைஸாகப் பிதுங்கி வெளியே வந்துவிடும். அண்ணன் சைக்கிள் டியூபைக் கிழித்து அதன் மேல் சுற்றினான், கம்பி போட்டு முறுக்கினான். மறுபடி கழன்றது. அவன் வேலையிலிருந்து வரும்வரை வீட்டில் தண்ணீர் இருக்காது. அப்படி ஒரு நாள், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மதினி குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டாள். அண்ணனுக்குத் தெரிந்ததும் அவளைத் திட்டவில்லை. திண்டாடிப்போய் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு அவன் யோசித்து யோசித்து மூன்று காரியம் செய்தான். மூன்றும் அறிவுள்ளவன் செய்கிற காரியம். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

முதலாவது, குழாய் வாயை அடைப்பதை நிறுத்தினான். அடைத்தால்தானே நெருக்கும்? தண்ணீர் தன்பாட்டுக்கு டிரம்மில் விழுந்து, நிறைந்து, வழிந்து ஓடட்டும் என்றான். இரண்டாவது, இலையும் தவளைக்குஞ்சும் உள்ளே வராமல் ஊற்றுப் பக்கத்து வாயில் மதினியின் பழைய சேலைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டினான். மூன்றாவது, ஜாயிண்டை வெயிலிலிருந்து காப்பாற்றினான். மேல் லயத்திலிருந்து சரிவில் ஒரு வாய்க்கால் இறங்கும். இரண்டு பக்கமும் பெரணிச் செடி கவிந்து எப்போதும் ஈரமும் இருட்டுமாக இருக்கும். ஓஸை அதற்குள் இறக்கி, ஜாயிண்டு இருந்த இடத்தில் மேலே பலகைக் கல்லைப் போட்டு மூடினான். ஜாயிண்டு குளிர்ந்தே கிடந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கழலவில்லை. சொட்டுக்கூட ஒழுகவில்லை. தோட்டத்தின் மற்றச் சரிவுகளில் இருந்த லயங்களிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, தாங்களும் ஓஸ் வாங்கித் தங்கள் பக்கத்து வாய்க்காலுக்குள் இறக்கினார்கள்.

அது என்ன வாய்க்கால் என்று யாரும் யோசிக்கவில்லை. மேல் லயத்து மாட்டுக்கொட்டில் கழுவுகிற தண்ணீர் அதில்தான் வரும். பிள்ளைகள் ஒதுங்குவது அதன் கரையில். மழை பெய்தால் கக்கூஸ் குழி நிரம்பி வழிவதும் அதில்தான். ஆனால் அது வெளியே ஓடுகிறது, நம் தண்ணீர் குழாய்க்குள்ளே ஓடுகிறது. இரண்டும் எப்படிச் சேரும்? ஒழுகினால் அல்லவா ஓட்டை!

மழை பிடித்துக்கொண்ட ஆடி மாசத்தில் லயத்தில் காய்ச்சல் தொடங்கியது. முதலில் அண்ணனுக்குக் கண் மஞ்சளித்தது. அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். அவன் ஒரு வாரம் கிடந்துவிட்டு எழுந்து வேலைக்குப் போனான். அடுத்தடுத்த வீடுகளிலும் இரண்டு மூன்று பேருக்கு வந்து போனது. எங்கள் டிரம்மில் தண்ணீர் எடுத்த வீடுகள் அவை என்று இப்போது சொல்கிறேன். அப்போது கொழுந்துக்கு அடித்த மருந்து, குளிர், கண்ணேறு என்று ஆளுக்கொன்று சொன்னோம்.

மதினிக்கு அப்போது ஏழு மாதம். சோற்றைக் கண்டாலே குமட்டல். எங்களைப் போல அவளால் பால் விடாத கட்டன் சாயாவைக் குடிக்க முடியாது, நெஞ்சைக் கரிக்கிறது என்பாள். குழாயடியில் போய்ப் பச்சைத் தண்ணீரைத்தான் செம்பு செம்பாகக் குடிப்பாள். காய்ச்சல் வந்தபோது இன்னும் அதிகம் குடித்தாள். நாங்களும் கொடுத்தோம். உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று நானே பிடித்துக் கொடுத்தேன்.

கம்பவுண்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மலையாளி அவர், எங்களுக்காகத் தமிழில் பேசுவார். “மஞ்ஞப்பித்தம். இங்க வெச்சுப் பாக்க முடியாது. சீக்கிரம் கீழ கொண்டு போ” என்றார்.

எஸ்டேட் ஜீப்பில் அவளைக் கொண்டுபோனோம். அண்ணன் மடியில் அவள் தலை, என் மடியில் கால். வளைவுகளில் வண்டி ஆடும்போதெல்லாம் அவள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. ஒரு தடவை என்னைப் பார்த்து, “டிரம்ம மூடி வச்சியா புள்ள? மழத்தண்ணி விழுந்துரும்” என்றாள். மூடிவிட்டேன் என்றேன். உண்மையில் மூடியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபின் அவளுக்கு நினைவு திரும்பவே இல்லை. மறுநாள் மத்தியானம், வராந்தாவில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்ற எங்களிடம் நர்ஸ் வந்து மதினி போய்விட்டதைச் சொன்னாள். பிள்ளை அதற்கு முன்பே வயிற்றில் இறந்துவிட்டிருந்தது. மற்றவர்களைப் படுக்கப்போட்டு எழுப்பிவிடுகிற காமாலை பிள்ளைத்தாய்ச்சியை விடாது என்று அங்கே ஒரு டாக்டர் அண்ணனிடம் விளக்கினார். அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அவனுக்கு ஒரு வார்த்தையாவது விளங்கியிருக்குமா என்று தெரியவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அம்மா பழைய பாட்டையே பாடினாள். வயித்துல எதும் நிக்காத ராசி, கடசில அவளயே கொண்டுட்டுப் போயிட்டு என்றாள். செத்த பிறகும் அவளை விடவில்லை.

காரியத்துக்கு முதல் நாள் அண்ணனின் வெள்ளை வேட்டிகளையும் சட்டையையும் துவைக்க மேல் லயத்துக் கல்லுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் துவைகல் இல்லை. நீலம் கரைத்து முக்கினேன். ஆத்திரத்தில் நீலம் அதிகமாக விழுந்துவிட்டது, வேட்டி திட்டுத் திட்டாக ஆகிவிடும் போல இருந்தது. சனியன் என்று வாளியோடு தூக்கி வாய்க்காலில் கொட்டினேன். வேறு தண்ணீரில் அலசிப் பிழிந்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தால், வாசலில் அம்மா கத்திக்கொண்டிருக்கிறாள்.

“ஏட்டி, குடிக்கிற தண்ணியில நீலத்தக் கரச்சது யாரு?”

டிரம்மை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இளநீலமாக இருந்தது. குழாயிலிருந்து விழுந்துகொண்டிருந்ததும் நீலம்தான்.

நான் துணியைக் கீழே போட்டுவிட்டு மறுபடி மேலே ஏறினேன். மிச்சமிருந்த நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து வாய்க்காலில் ஊற்றிவிட்டு, வந்த வேகத்திலேயே இறங்கினேன். நான் வாசலை அடைந்தபோது அம்மா குழாய் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் உள்ளங்கையில் விழுந்த தண்ணீர் நீலமாக இருந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“அவங்கிட்ட சொல்லாதட்டி. அவன் உசிரோட இருக்க மாட்டான்.”

“அப்ப மதினி ராசின்னே ஊரு பேசட்டுமா?”

“செத்தவளுக்கு என்னட்டி வலிக்கப் போவுது? இருக்கிறவனப் பாரு.”

என் வாழ்க்கையில் அம்மாவை அடிக்கக் கை ஓங்கியது அன்று ஒரு நாள்தான். அடிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு நேரே ஃபேக்டரி வாசலுக்குப் போனேன். அண்ணன் துக்கத்துக்கு எடுத்த லீவைக்கூட வீட்டில் கழிக்காமல் அங்கேதான் விறகு அடுக்கிக்கொண்டிருப்பான். ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். அவன் விறகைக் கீழே வைத்துவிட்டு என் பின்னால் வந்தான்.

பலகைக் கல்லைப் புரட்டினான். ஜாயிண்டு வாய்க்கால் தண்ணீருக்குள் அசையாமல் கிடந்தது. வெளியிலிருந்து பார்க்க ஒரு குறையும் இல்லை. கம்பி அப்படியே, டியூப் அப்படியே. அண்ணன் பக்கத்துச் செடியில் ஓர் இளம் இலையைக் கிள்ளி, ஓஸும் ஜாயிண்டும் சேருகிற விளிம்பில் வைத்தான். வாய்க்கால் தண்ணீர் இழுத்தும் இலை போகவில்லை. அந்த விளிம்பில் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல உள்பக்கமாக மடிந்தது.

மேலே ஊற்று வாயில் கட்டியிருந்த சேலைத் துணியைப் போய்ப் பார்த்தோம். மழைச் சேறும் பாசியும் சேர்ந்து தோல் போல இறுகியிருந்தது. ஊற்றுத் தண்ணீர் அதில் கசிந்துதான் உள்ளே போனது. கீழே குழாய் வாயோ திறந்து கிடக்கிறது, சரிவில் தண்ணீர் தன் பாரத்தில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேலே போதாததை நடுவில் இடுக்குக் கிடைத்த இடத்தில் அது உறிஞ்சிக்கொண்டது. ஜாயிண்டு ஒழுகாததற்குக் காரணம் அதுதான். அது தண்ணீரை வெளியே விடவில்லை, சாக்கடையைக் குடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் அந்த இடத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்தான். அழுவான் என்று நினைத்தேன். அழாமல் கம்பியின் முறுக்கைப் பிரித்து, டியூபை அவிழ்த்து, ஜாயிண்டைப் பிடுங்கினான். பிறகு தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தியை எடுத்துவந்து, ஓஸை ஊற்றிலிருந்து எங்கள் வாசல்வரை துண்டு துண்டாக வெட்டிப்போட்டான்.

லயத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா? பெண்டாட்டி போன கிறுக்கில் ஊர்த் தண்ணியை அறுத்துவிட்டான் என்று வாசலில் வந்து வாரித் தூற்றினார்கள். அண்ணன் ஒவ்வொருத்தியிடமும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான். “அதக் குடிச்சுத்தான் அவ செத்தா. நாந்தான் குடுத்தேன். மத்த ஓஸையும் வாய்க்கால விட்டு எடுத்துருங்க.” யார் நம்புவார்கள்? ஒழுகாத ஜாயிண்டில் அழுக்கு எப்படியப்பா நுழையும் என்று திருப்பிக் கேட்டார்கள். நான் நீலத்தைக் கரைத்துக் காட்டுகிறேன் என்றேன். சாவு வீட்டுப் பெண் சாயம் கரைக்கிறாள் என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது. அம்மா வாய் திறந்திருந்தால் நம்பியிருப்பார்கள், கண்ணால் பார்த்தவள் அவள். மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். ராசியைப் பற்றி மட்டும் அதற்குப் பிறகு பேசவில்லை.

மற்ற லயங்களில் ஓஸ் வாய்க்காலிலேயே கிடந்தது. எங்கள் லயத்தில் பழையபடி பள்ளத்துக் குழாய்தான். அடுத்த வீட்டில் ஒருத்தி அப்போது மாசமாக இருந்தாள். நான்கைந்து நாள் அவளும் குடத்தோடு இறங்கி ஏறினாள். ஒரு காலையில் அண்ணன் பாதி வழியில் அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான். அவள் புருஷன் முறைத்தான், ஆண்கள் சிரித்தார்கள், “இஞ்சினீயரு இப்ப தண்ணி சொமக்காரு” என்றார்கள். அண்ணன் காது கொடுக்கவில்லை. அவளுக்குப் பிரசவம் ஆகும்வரை, தினமும் ஷிப்டுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும், அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் அவன்தான் தண்ணீர் கொண்டுவந்தான். கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகருவான்.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. லயத்தில் எல்லாரும் போய்ப் பார்த்தோம், அண்ணன் மட்டும் போகவில்லை. தீட்டுக் கழிந்த அன்று அவளே குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். அண்ணன் குடத்தோடு அப்போதுதான் ஏறி வந்திருந்தான்.

“ஒரு தடவ கையில வாங்கிப் பாருங்கண்ணே” என்று நீட்டினாள்.

அண்ணன் குடத்தை இறக்கவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்து, இரண்டு கண்ணின் வெள்ளையையும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவளிடம், “தண்ணியக் கொதிக்க வச்சுத்தான குடிக்கிய?” என்று கேட்டான்.

ஆமாம் என்றாள். அவன் உள்ளே போய்விட்டான்.